தாய்வழி வரும் 37 மரபணுக்களும் விலங்குகளின் உறவுமுறையும்

முக்குருத்தியிலோ வால்பாறைப் பக்கமோ பாறைச் சரிவில் மேயும் வரையாட்டைப் பார்க்கிற யாருக்கும் அது வெள்ளாட்டுக்கு நெருங்கிய சொந்தம் என்றுதான் படும். விலங்கியலாளர்களுக்கும் நெடுங்காலம் அப்படித்தான் பட்டது. இமயமலையில் ஒரு வரையாடு, ஓமன் பக்கத்து மலைகளில் ஒன்று, மேற்குத் தொடர்ச்சி மலையில் நம்முடையது என மூன்றையும் ஹெமிட்ராகஸ் என்ற ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள். 2005இல் ஆன் ரோப்பிக்கே, அலெக்ஸாண்டர் ஹசானின் என்ற இரண்டு பிரெஞ்சு ஆய்வாளர்கள் மூன்றின் டிஎன்ஏவையும் மற்ற ஆட்டினங்களோடு சேர்த்து வைத்து ஒப்பிட்டார்கள். மூன்றும் தனித்தனிக் கிளைகளில் போய் விழுந்தன. இமயமலை வரையாடு வெள்ளாட்டுக் கூட்டத்தில் நின்றது. அரேபிய வரையாடு வட ஆப்பிரிக்காவின் பார்பரி ஆட்டோடு சேர்ந்தது. தமிழ்நாட்டின் மாநில விலங்கான நம் வரையாடு செம்மறிகளின் பக்கம் போனது. அதற்கு இப்போது நீல்கிரிட்ராகஸ் என்று தனிப் பேரினம்.

அந்த ஆய்வில் ஒப்பிட்ட மரபணுக்களில் ஒன்று சைட்டோகுரோம் பி. அது செல்லின் உட்கருவில் இல்லை, மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கிறது. விலங்குகளில் யாருக்கு யார் சொந்தம் என்று டிஎன்ஏவை வைத்துச் சொன்ன ஆய்வுகளில் மிகப் பெரும்பாலானவை ஏதோ ஒரு கட்டத்தில் இந்த மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவை நம்பித்தான் நடந்திருக்கின்றன. அந்த நம்பிக்கை சில இடங்களில் பிரமாதமாகப் பலித்தது, சில இடங்களில் மானத்தை வாங்கியது. இரண்டுக்கும் காரணம் அந்த டிஎன்ஏவின் அதே குணங்கள்தான்.

மைட்டோகாண்ட்ரியா செல்லுக்கு ஆற்றல் தயாரித்துத் தருகிறது என்பது பள்ளிப் பாடம். ஒரு காலத்தில் அது தனித்து வாழ்ந்த பாக்டீரியா. வேறொரு செல்லுக்குள் குடியேறிய பிறகு தன் மரபணுக்களில் பெரும்பாலானவற்றைத் தொலைத்துவிட்டது, அல்லது உட்கருவிடம் ஒப்படைத்துவிட்டது. மிச்சம் இருப்பது, பெரும்பாலான விலங்குகளில், வட்டமான ஒரு குட்டி டிஎன்ஏ. நீளம் சுமார் 16,000 எழுத்து (டிஎன்ஏ ஏ, சி, ஜி, டி என்ற நான்கே எழுத்துகளால் ஆனது). அதில் 37 மரபணுக்கள்: 13 புரதங்களுக்கு, 22 கடத்து ஆர்என்ஏக்களுக்கு, 2 ரைபோசோம் ஆர்என்ஏக்களுக்கு. மீனை எடுத்தாலும் தவளையை எடுத்தாலும் பட்டியல் இதேதான். மனித உட்கருவின் டிஎன்ஏ சுமார் 300 கோடி எழுத்து. 1970களிலும் 80களிலும் இருந்த கருவிகளை வைத்துக்கொண்டு எதை முதலில் படிப்பார்கள்?

கேம்பிரிட்ஜில் பிரெடரிக் சாங்கரின் குழு மனித மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவை முழுதாகப் படித்து 1981இல் வெளியிட்டது. 16,569 எழுத்து என்று கணக்குச் சொன்னார்கள். 1999இல் அதே மாதிரியைத் திரும்பப் படித்தபோது 3107ஆம் இடத்துக்குப் பக்கத்தில் இல்லாத ஒரு எழுத்தைச் சேர்த்திருந்தது தெரியவந்தது. சரியான நீளம் 16,568தான். அதை நீக்கினால் அதற்குப் பின்னால் வரும் அத்தனை எண்களும் மாறிவிடும், அதுவரை வந்த கட்டுரைகள் எல்லாம் குழம்பிப்போகும். அதனால் இன்றைக்கும் அந்த இடத்தை வெற்றிடமாக வைத்தே எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

சின்னதாக இருந்தது மட்டும் காரணமில்லை. உட்கரு டிஎன்ஏ ஒரு செல்லில் இரண்டு பிரதிதான். மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ நூற்றுக்கணக்கில், சில செல்களில் ஆயிரக்கணக்கில் இருக்கும். செத்துக் காய்ந்த தோலிலும் பழைய எலும்பிலும் எதாவது தப்பிப் பிழைத்திருக்கும் என்றால் அது இதுவாகத்தான் இருக்கும். குவாக்கா என்ற வரிக்குதிரை வகையின் கடைசி விலங்கு 1883இல் ஆம்ஸ்டர்டாம் விலங்குக்காட்சி சாலையில் செத்தது. அருங்காட்சியகத்தில் கிடந்த ஒரு குவாக்காத் தோலிலிருந்து 1984இல் ஆலன் வில்சனின் குழு எடுத்தது மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவின் 229 எழுத்துகள். அழிந்துபோன விலங்கின் டிஎன்ஏ என்று உலகம் முதன்முதலில் பார்த்தது அதைத்தான். குவாக்கா குதிரைக்கு அல்ல, வரிக்குதிரைக்கே நெருக்கம் என்று அந்தத் துண்டு சொன்னது.

அடுத்தது வேகம். இதே வில்சனின் ஆய்வகம் 1979இலேயே காட்டியிருந்தது: குரங்கினங்களில் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ, உட்கரு டிஎன்ஏவை விட 5 முதல் 10 மடங்கு வேகமாக மாறுகிறது. நேற்றுப் பிரிந்த இரண்டு இனங்களுக்கு இடையிலும் எண்ணிப் பார்க்கும் அளவுக்கு வித்தியாசம் சேர்ந்திருக்கும்.

கடைசியாக, அது அம்மாவிடமிருந்து மட்டும் வருகிறது. அப்பாவின் டிஎன்ஏவோடு கலைத்துப் போடுவது கிட்டத்தட்ட இல்லை. (சில சிப்பி வகைகளில் ஆண் வழிக்கு ஒன்று, பெண் வழிக்கு ஒன்று என இரண்டு மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ ஓடுகிறது. உயிரியலில் விதிவிலக்கு இல்லாத விதி ஏது!) கலைப்பு இல்லாததால் 16,000 எழுத்தும் ஒரே கட்டாகக் கைமாறுகிறது, ஒரே வம்ச மரத்தை வரைகிறது. கணக்குப் போடுகிறவருக்கு இதைவிடச் சுகம் வேறில்லை. இந்தச் சுகத்தைப் பற்றிப் பிறகு கொஞ்சம் கசப்பாகப் பேச வேண்டியிருக்கும்.

நன்றாகப் பலித்த இடத்தை முதலில் பார்க்கலாம். நியூசிலாந்தில் கோழி அளவுக்கு ஒரு பறவை, கிவி. பறக்காது. அதே தீவுகளில் மோவா என்ற பிரம்மாண்டமான பறக்காத பறவைகள் இருந்தன, மனிதர்கள் போய்ச் சேர்ந்த பிறகு அழிந்தன. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்ததால் சொந்தம் என்று நினைப்பது இயல்பு. பழைய கோண்ட்வானா கண்டம் உடைந்தபோது பறக்காத ஒரு மூதாதைப் பறவையின் சந்ததிகள் ஆளுக்கொரு துண்டில் மாட்டிக்கொண்டன. ஆப்பிரிக்காவில் தீக்கோழி, ஆஸ்திரேலியாவில் ஈமு, தென் அமெரிக்காவில் ரியா, நியூசிலாந்தில் கிவியும் மோவாவும். பாடநூலில் போடுவதற்கென்றே செய்தது போன்ற கதை. 1992இல் ஆலன் கூப்பரும் மற்றவர்களும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவின் சிறு பகுதியைப் பார்த்துவிட்டு, கிவிக்கு மோவாவை விட ஈமுதான் நெருக்கம் என்றபோது கதையில் முதல் விரிசல் விழுந்தது.

2014இல் கூப்பரின் அடிலெய்டு குழு வெலிங்டன் அருங்காட்சியகத்தில் இருந்த யானைப்பறவை எலும்புகளை எடுத்தது. யானைப்பறவை மடகாஸ்கரில் வாழ்ந்து அழிந்தது. பெரிய வகைகள் 3 மீட்டர் உயரம் நிற்கும். இரண்டு வகை யானைப்பறவைகளின் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவை ஏறக்குறைய முழுதாகப் படித்து மரம் வரைந்தால், யானைப்பறவைக்கு மிக நெருங்கிய சொந்தம் கிவி! நடுவில் ஒரு பெருங்கடல். இரண்டும் பிரிந்தது சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு என்று வந்தது. மடகாஸ்கரும் நியூசிலாந்தும் அதற்கு வெகு காலம் முன்பே தனித் தனித் தீவுகளாகிவிட்டன. நிலத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தன என்ற கதை இங்கே செல்லாது. அவற்றின் மூதாதைகள் பறந்துதான் போயிருக்க வேண்டும். பறக்கும் திறனைப் பிற்பாடு அவை தனித்தனியாக இழந்திருக்கின்றன. மோவா விஷயத்தில் இன்னும் வேடிக்கை. அதற்கு நெருங்கியது தென் அமெரிக்காவின் டினமூ, அது இன்றைக்கும் பறக்கிற பறவை. இந்த முடிவுகளை உட்கரு டிஎன்ஏவை வைத்துப் பிறகு சோதித்தபோதும் அவை நின்றன.

எழுத்துகளை ஒப்பிடாமல், மரபணுக்கள் வட்டத்தில் எந்த வரிசையில் உட்கார்ந்திருக்கின்றன என்று மட்டும் பார்த்தும் சொந்தம் சொல்லலாம். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த வாதம் இதுதான். 22 கடத்து ஆர்என்ஏக்களில் லூசின் என்ற அமினோ அமிலத்துக்கு இரண்டு உண்டு. அதில் ஒன்று, நம் உடம்பில், பெரிய ரைபோசோம் ஆர்என்ஏவுக்கும் என்டி1 என்ற மரபணுவுக்கும் நடுவில் இருக்கிறது. குதிரைலாட நண்டிலும் அதே இடம். பூரான் வகைகளிலும் அதே இடம். பழ ஈயில் மட்டும் அது அங்கே இல்லை. சிஓ1, சிஓ2 என்ற இரண்டு மரபணுக்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்திருக்கிறது. இறாலைத் திறந்து பார்த்தால் அங்கேயும் அந்தப் புது இடத்தில்தான்.

மனிதனும் குதிரைலாட நண்டும் ஒத்துப்போவதால் நாம் நண்டுக்குச் சொந்தம் ஆகிவிட மாட்டோம். அது பழைய ஏற்பாடு, எல்லோருக்கும் பொதுவாக வந்தது. சொந்தத்தைக் காட்டுவது புதிதாக வந்த மாற்றம் மட்டுமே. பூச்சியும் இறால், நண்டு வகைகளும் அந்தப் புது ஏற்பாட்டைப் பகிர்கின்றன என்றால், அவற்றின் பொது மூதாதையில் ஒரு முறை இடம் மாறியது என்பதே எளிய விளக்கம். 1998இல் ஜெஃப்ரி பூர், டென்னிஸ் லாவ்ரோவ், வெஸ்லி பிரவுன் இதைச் சொன்னார்கள். அதுவரை பூச்சிகளைப் பூரான், மரவட்டையோடு ஒரே கூட்டத்தில் வைப்பதுதான் வழக்கம். அப்புறம் வந்த உட்கரு டிஎன்ஏ ஆய்வுகளும் பூச்சிகளை இறால் கூட்டத்துக்கு உள்ளேதான் வைத்தன. கரப்பான்பூச்சிக்கு முகம் சுளித்துக்கொண்டே இறால் தொக்கு சாப்பிடுகிறவர்களுக்கு இது சமர்ப்பணம்.

ஆனால் இந்த முறையைக் கண்ணை மூடிக்கொண்டு எல்லா இடத்திலும் போட முடியாது. சில கூட்டங்களில் வரிசை கோடிக்கணக்கான ஆண்டுகளாக அசையாமல் இருக்கும், சில கூட்டங்களில் சீட்டுக்கட்டு மாதிரி கலைந்துகிடக்கும். மனிதப் பேனில் அந்த ஒற்றை வட்டமே கிடையாது. மரபணுக்கள் குட்டிக் குட்டி வட்டங்களாகப் பிரிந்திருக்கின்றன. 2009இல் முதலில் எண்ணியபோது 18 வட்டங்கள் கிடைத்தன. சால்மன் மீனில் வாழும் ஹென்னெகுயா என்ற ஒட்டுண்ணியிடம் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவே இல்லை என்று 2020இல் தெரிந்தது. அதற்குச் சுவாசிக்க ஆக்சிஜனும் தேவையில்லை.

சரி, மானம் போன கதைக்கு வருவோம். 1996இல் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வந்தது. தலைப்பே ‘கினிப்பன்றி கொறித்துண்ணி அல்ல’ என்பதுதான். முழு மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏக்களை ஒப்பிட்டு, கினிப்பன்றி எலியின் கூட்டத்தில் சேராது என்றார்கள். புள்ளிவிவரச் சோதனைகள் எல்லாம் பலமாக ஆதரித்தன. அடுத்த சில ஆண்டுகளில் இன்னும் பல கொறித்துண்ணிகளையும் உட்கரு மரபணுக்களையும் சேர்த்துப் பார்த்தபோது கினிப்பன்றி பழையபடி எலி, அணில் கூட்டத்துக்கே திரும்பிவிட்டது. பறவைகளிலும் இதேதான். 1990களின் கடைசியில் கைவசம் இருந்த சில மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏக்களை வைத்து, பறவை மரத்தில் முதலில் பிரிந்தவை சிட்டு, காகம் போன்றவை என்றும் தீக்கோழி அதற்குப் பிறகே பிரிந்தது என்றும் சொன்னார்கள். அதுவும் நிற்கவில்லை.

ஏன் இப்படி ஆகிறது? புரதத்துக்கான டிஎன்ஏவை மூன்று மூன்று எழுத்தாகப் படிக்க வேண்டும். சிடிஏ, சிடிசி, சிடிஜி, சிடிடி நான்குமே லூசினைத்தான் குறிக்கின்றன. மூன்றாவது எழுத்து எப்படி மாறினாலும் புரதத்துக்கு ஒன்றும் ஆவதில்லை, அதனால் அந்த இடம் சுதந்திரமாக மாறிக்கொண்டே இருக்கும். ஒரு கிளையில் ஏ ஜியாகி, ஜி திரும்ப ஏவாகி, மறுபடி சி ஆனாலும் நமக்குத் தெரிவது கடைசி எழுத்து மட்டுமே. போதுமான காலம் போனால் அந்த இடம் பழைய உறவை மறந்துவிடும். இருப்பதே நான்கு எழுத்து என்பதால் தற்செயலாகவே நான்கில் ஒரு பங்கு இடம் ஒத்துப்போகும். இரண்டு கிளைகள் மிக வேகமாக மாறினால் இந்தத் தற்செயல் ஒற்றுமை சொந்தம் மாதிரித் தோன்றி, கணினி இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டிவிடும். நேற்றைய பிரிவுகளுக்கு வரமாக இருந்த வேகம், 10 கோடி ஆண்டுப் பழைய பிரிவுகளுக்குச் சாபமாகிறது.

எழுத்துகளின் விகிதமும் ஒரு தொல்லை. தேனீயின் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவில் ஏயும் டியும் சேர்ந்து கிட்டத்தட்ட 85 சதவீதம். இப்படி ஒரே பக்கம் சாய்ந்த இரண்டு பூச்சிகள், சொந்தமே இல்லாவிட்டாலும் ஒத்துப்போகும் இடங்கள் ஏராளமாக இருக்கும். இதில் கவனிக்க வேண்டியது, கூடுதல் எழுத்துகளைப் படிப்பதால் இந்தத் தவறு குறைவதில்லை, இன்னும் உறுதியாகிறது. கினிப்பன்றிக் கட்டுரையின் பலமான புள்ளிவிவரம் அப்படி வந்ததுதான். குறைப்பதற்கு இரண்டு வழி உண்டு. நீண்டு கிடக்கும் கிளைகளுக்கு நடுவில் இன்னும் இனங்களைச் சேர்த்து அவற்றை உடைப்பது ஒன்று. எல்லா இடமும் ஒரே வேகத்தில், ஒரே விகிதத்தில் மாறுகிறது என்ற அனுமானத்தைக் கைவிட்டு நல்ல கணித மாதிரிகளைப் பயன்படுத்துவது இன்னொன்று.

ஆய்வகத்திலேயே நடக்கிற கூத்தும் ஒன்று உண்டு. மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவின் துண்டுகள் அவ்வப்போது உட்கருவுக்குள் நகலாகி ஒட்டிக்கொள்கின்றன. அங்கே வேலை எதுவும் இல்லாமல், மெதுவாக மாறிக்கொண்டு கிடக்கும். 1994இல் யூட்டா மாநிலத்து நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்த 8 கோடி ஆண்டுப் பழைய எலும்புத் துண்டிலிருந்து சைட்டோகுரோம் பி கிடைத்ததாக ஒரு குழு அறிவித்தது. டைனோசர் டிஎன்ஏ என்று பத்திரிகைகள் கொண்டாடின. அது எந்தப் பறவையோடும் ஊர்வனவோடும் ஒத்துப்போகாதது சிலரை உறுத்தியது. மறு வருடமே விஷயம் வெளியே வந்தது. அது மனித உட்கருவில் கிடக்கும் பழைய மைட்டோகாண்ட்ரியா நகல். டைனோசர் என்று கொண்டாடியது, எலும்பைத் தொட்ட யாரோ ஒருவரின் டிஎன்ஏவாகத்தான் இருக்க வேண்டும்.

இதெல்லாம் கவனமாக இருந்தால் தவிர்க்கக்கூடிய பிழைகள். தவிர்க்கவே முடியாத ஒன்று இருக்கிறது. நமக்கு 10 தலைமுறைக்கு முன்னால் 1,024 முன்னோர் இடங்கள் உண்டு. மைட்டோகாண்ட்ரியா அதில் ஒரே ஒருவரிடமிருந்து வருகிறது: அம்மாவின் அம்மாவின் அம்மா என்று நேராக மேலே போகிற பெண்மணி. மீதி 1,023 பேரைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. இன வரலாற்றிலும் அதே நிலைதான். 37 மரபணுக்களையும் முழுதாகப் படித்தாலும் அவை 37 சாட்சிகள் ஆகா, கலையாமல் ஒரே கட்டாக வருவதால் ஒரே சாட்சிதான். அந்தச் சாட்சி பொய் சொல்வதில்லை. தன் கதையைத்தான் சொல்கிறது. அதை இனத்தின் கதையாக எடுத்துக்கொண்டது நாம்.

கரடியைப் பாருங்கள். அலாஸ்காவின் தென்கிழக்கில் அட்மிரால்டி, பரனோஃப், சிச்சகோஃப் என்று மூன்று தீவுகள். அங்கே இருப்பவை பார்வைக்கும் பழக்கத்துக்கும் அசல் பழுப்புக் கரடிகள். ஆனால் அவற்றின் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ மற்ற பழுப்புக் கரடிகளை விடப் பனிக்கரடியோடுதான் நெருக்கம் என்று 1990களிலேயே தெரிந்திருந்தது. 2010இல் ஸ்வால்பார்டில் கிடைத்த ஒரு பனிக்கரடித் தாடையிலிருந்து முழு மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவும் படிக்கப்பட்டது. தாடையின் வயது 1,10,000 முதல் 1,30,000 ஆண்டு. பனிக்கரடி என்ற இனம் சுமார் 1,50,000 ஆண்டுகளுக்கு முன்புதான் பழுப்புக் கரடியிலிருந்து கிளைத்தது என்று அதிலிருந்து கணக்கு வந்தது. இவ்வளவு குறுகிய காலத்தில் வெள்ளை ரோமமும் சீல் என்ற கடல்நாயைத் தின்று கொழுக்கும் உடம்பும் வந்துவிட்டதே என்று எல்லோரும் வியந்தார்கள்.

2012இல் உட்கரு மரபணுக்களைப் பார்த்த குழு வேறு மரத்தைக் காட்டியது. பனிக்கரடிகள் எல்லாம் ஒரு பக்கம், பழுப்புக் கரடிகள் எல்லாம் இன்னொரு பக்கம். பிரிவு சுமார் 6,00,000 ஆண்டுப் பழையது. அப்படியானால் அந்தத் தீவுக் கரடிகளிடம் இருப்பது யாருடைய மைட்டோகாண்ட்ரியா? 2013இல் பெத் ஷபிரோவின் குழு ஒரு விளக்கம் சொன்னது. பனியுகம் முடியும்போது அந்தத் தீவுகளில் பனிக்கரடிகள் மாட்டிக்கொண்டன. நிலப்பகுதியிலிருந்து பழுப்புக் கரடிகள் நீந்தி வந்தன, வந்தவை ஆண்கள். கரடிகளில் ஊரை விட்டுத் தூரம் போவது ஆண்தான், பெண் அம்மாவின் எல்லைக்குப் பக்கத்திலேயே இருந்துவிடும். தலைமுறை தலைமுறையாகப் பழுப்பு அப்பாக்கள் வர, உட்கரு டிஎன்ஏ பழுப்பாகிக்கொண்டே போனது. அம்மா வழி மட்டும் பனிக்கரடியாகவே தங்கிவிட்டது. இதைச் சோதிக்க எக்ஸ் குரோமோசோம் இருக்கிறது. அது ஆணிடம் ஒன்று, பெண்ணிடம் இரண்டு. அதனால் அம்மாக்களின் பங்கு அதில் கூடுதலாகத் தங்கும். தீவுக் கரடிகளில் பனிக்கரடியின் தடம் மற்ற குரோமோசோம்களை விட எக்ஸில்தான் அதிகம். மரபணு எந்தத் திசையில் எத்தனை முறை போனது என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. இரண்டு இனமும் பலமுறை கலந்தன என்பதில் சந்தேகமில்லை.

ஆப்பிரிக்க யானைகளில் இதே நாடகம். அங்கே சவன்னா யானையும் மழைக்காட்டு யானையும் வேறு வேறு இனம், உட்கரு டிஎன்ஏ அதில் தெளிவாக இருக்கிறது. ஆனால் சவன்னா யானைகள் சிலவற்றிடம் மழைக்காட்டு யானையின் மைட்டோகாண்ட்ரியா இருப்பதை 2005இல் ஆல்ஃபிரட் ரோகாவும் உடன் வேலை செய்தவர்களும் காட்டினார்கள். சவன்னா ஆண் யானை உருவத்தில் பெரியது, இணை சேரும் போட்டியில் மழைக்காட்டு ஆணை ஓரங்கட்டிவிடும். பெண்களோ பிறந்த கூட்டத்தை விட்டுப் போவதில்லை. இப்படியே பல தலைமுறை போனால், உடம்பெல்லாம் சவன்னாவாகவும் மைட்டோகாண்ட்ரியா மட்டும் மழைக்காடாகவும் ஒரு கூட்டம் உருவாகும். மைட்டோகாண்ட்ரியாவை மட்டும் படித்த ஒருவர் இவை இரண்டும் ஒரே இனம் என்று சத்தியம் செய்திருப்பார்.

நம் முன்னோர் கதையும் இதில் தப்பவில்லை. சைபீரியாவின் டெனிசோவா குகையில் கிடைத்த விரல் எலும்பின் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ 2010இல் வெளியானபோது, அழிந்துபோன மனித வகையான நியாண்டர்தாலும் நாமும் பிரிவதற்கு முன்பே பிரிந்துபோன கிளை அது என்றார்கள். அதே ஆண்டின் கடைசியில் உட்கரு டிஎன்ஏ வந்தது. டெனிசோவர் நியாண்டர்தாலின் உடன்பிறப்புக் கிளை என்றது அது.

உட்கரு டிஎன்ஏ முழுவதையும் படிப்பது இன்று சாதாரண வேலையாகிவிட்டது. மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ அந்தப் படிப்பிலேயே இலவச இணைப்பாகக் கிடைத்துவிடுகிறது. மரம் வரைய அதை மட்டும் நம்பியிருக்க வேண்டிய காலம் போய்விட்டது. அம்மாக்களின் வழியைத் தனியாகக் கேட்க வேண்டுமென்றால் மட்டும் இப்போதும் வேறு ஆள் கிடையாது. யானையைப் போல, பெண் பிறந்த கூட்டத்தோடு தங்கி ஆண் வெளியே போகிற விலங்குகளில் அந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். டி.என்.சி. வித்யாவும் ராமன் சுகுமாரும் மற்றவர்களும் 2005இல் தென்னிந்தியக் காட்டு யானைகளிடம் இரண்டையும் சேர்த்தே கேட்டார்கள். நீலகிரி, ஆனைமலை, பெரியாறு மூன்று காப்பகங்கள். நீலகிரியில் இருப்பது உலகிலேயே மிகப் பெரிய ஆசிய யானைக் கூட்டம். அங்கே ஆராய்ந்த யானைகள் அத்தனையிலும் மைட்டோகாண்ட்ரியா ஒரே வகைதான். எண்ணிக்கையில் குறைந்த ஆனைமலையிலும் பெரியாற்றிலும் உட்கரு டிஎன்ஏவின் பன்மை அதைவிட அதிகம். ஆனைமலைக்கும் பெரியாற்றுக்கும் இடையில் வேறுபாடு இல்லை. நீலகிரிக்கும் அவை இரண்டுக்கும் இடையில் தெளிவான வேறுபாடு. நடுவில் இருப்பது பாலக்காட்டுக் கணவாய், சுமார் 40 கிலோமீட்டர். ஒரு யானைக்கு அது பெரிய தூரமில்லை. ஆனாலும் மைட்டோகாண்ட்ரியா, உட்கரு இரண்டும் இங்கே ஒரே பதிலைத்தான் சொல்கின்றன: பெண்கள் மட்டுமல்ல, ஊர் சுற்றுகிற ஆண்களும் அந்தப் பக்கம் போய்க் குடும்பம் நடத்தியது குறைவு.